எங்க ஊரில் எத்தனை பேர்?

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள். படிவத்தில் இனம் என்ற இடத்தில் நான் 'மலையாளி' என்று எழுதியதைப் பக்கத்துக் கட்டில் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டான். "மச்சான், நீ கேரளாவா? இன்னாடா இவ்ளோ நல்லா தமிழ் பேசற!" என்றான். ராத்திரி மெஸ்ஸுக்குப் போவதற்குள் விஷயம் பரவிவிட்டது. குழம்பு ஊற்றுபவர்கூட "எந்தா சேட்டா" என்றார். மூன்று வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் எனக்கு ஓணம் வாழ்த்து சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள்!

மலர்க் குழு நண்பர்கள் வந்து, "சிவில்லேர்ந்து ஒரு கட்டுரை குடுடா. கவிதை வேணாம், கவிதை ஏற்கெனவே மூட்டை கட்டி வெச்சிருக்கோம்" என்று கேட்டபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நண்பர்களே, மலையாளி என்றால் மலையில் வாழ்கிறவன், மலையை ஆள்கிறவன். அவ்வளவுதான். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டில் பேசுவது தமிழ். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி மலை, நம்ம ஜவ்வாது மலை என்று பரவிக் கிடக்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் மலையாளிகள்தான். இவ்வளவு பேர் இருந்தும் மலைக்குக் கீழே இருக்கிற ஊரில் எங்களைத் தெரியவில்லையே என்பது என் சின்ன வருத்தம். அது கிடக்கட்டும்.

போன செமஸ்டரில் மழைக்கு ஒதுங்கியது போல நூலகத்துக்குள் ஒதுங்கினேன். (பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மழை.) ஆல்ப்ஸ் மலையைப் பற்றிய பூகோளப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. ஒவ்வொரு சின்ன கிராமத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர், சரிவு இந்தத் திசை, இந்த வருஷத்தில் ஜனத்தொகை இவ்வளவு என்று அச்சடித்திருந்தார்கள். முன்னூறு பேர்கூட இல்லாத ஊருக்கெல்லாம் ஒரு பக்கம்! நம்ம ஊருக்கும் இப்படி ஒரு கட்டம் போட்டுப் பார்க்கலாமே என்று ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தேன். உயரம் எழுதினேன், சரிவு எழுதினேன், ஆறு எழுதினேன். கடைசி வரி ஜனத்தொகை. அங்கே பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பூகோளம்.

நமக்கெல்லாம் மலை என்றால் அண்ணாமலைதான். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிற மலை. அதன் உச்சி 814 மீட்டர். நம் ஊர்த் தரை மட்டம் சுமார் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைமேல் ஒன்றியத் தலைமையிடமான ஜமுனாமரத்தூர் 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து இன்னும் ஏறிப் போகிற எங்கள் குக்கிராமத்தில் என் போன் காட்டியது ஏறக்குறைய 800. அதாவது, நீங்கள் தீபம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற உயரத்தில் நாங்கள் சாமை விதைக்கிறோம்!

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 600 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 4 டிகிரி வருகிறது. "இவ்ளோதானா?" என்று கேட்காதீர்கள். மார்கழி ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊர் இருப்பதும் அந்தப் பள்ளத்தில்தான். அப்போது உங்கள் 4 டிகிரி கணக்கெல்லாம் கம்பளிக்குள் போய்விடும்.

அண்ணாமலை ஒரு கூம்பு. ஜவ்வாது மலை அப்படி இல்லை. அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பெரிய துண்டு. ஒரு பக்கம் 80 கிலோமீட்டர், மறுபக்கம் 32 கிலோமீட்டர் என்று சொல்கிற அளவுக்குப் பரந்தது. உயர்ந்த சிகரங்கள் 1,100 மீட்டரைத் தாண்டும். செய்யாறும் அகரம் ஆறும் இதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிக்கொண்டு போய்ப் பாலாற்றில் சேர்கின்றன. காண்டூர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கோடுகள் தலைமுடி மாதிரி நெருக்கமாக இருக்கும், அது செங்குத்துச் சரிவு. மேலே போனதும் கோடுகள் விலகிவிடும். மேடும் பள்ளமுமாக ஒரு பீடபூமி. அந்தப் பீடபூமியில் தட்டுத் தட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் சமநிலம். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஓடை. ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் ஊர்.

இங்கேதான் பூகோளமும் ஜனத்தொகையும் கை கோர்க்கின்றன. சமவெளியில் ஜனம் பெருகினால் ஊர் நீளும். ஏரிக்கரை வரை வீடு கட்டலாம், அதைத் தாண்டியும் கட்டலாம் (கட்டியும் விட்டார்கள்!). எங்கள் மேலே அது முடியாது. தட்டின் விளிம்பில் சரிவு தொடங்கும். சரிவு தொடங்குகிற இடத்தில் ரிசர்வ் காடும் தொடங்கும். 1882இல் வந்த மெட்ராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்குக் கல் நட்டு எல்லை போட்டார்கள். அதற்கு முன்னால் காட்டை வெட்டி எரித்து, இரண்டு மூன்று வருஷம் விதைத்து, பிறகு அடுத்த இடத்துக்கு நகர்வது வழக்கம். கல் நட்டதும் நகர்வது நின்றது. ஒரு தட்டு நிலம் எத்தனை வாய்க்குச் சாமை போடுமோ அத்தனை பேர்தான் அங்கே தங்க முடியும். மிச்சம் இருக்கிற அண்ணன் தம்பி வேறு ஓடை தேடிப் போய் இன்னொரு ஊர் போட வேண்டியதுதான். அதனால் எங்கள் மலையில் பெரிய ஊர் கிடையாது, சின்னச் சின்ன ஊர்தான் நிறைய. கோவிலூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு, மேல்சிலம்படி, பலாமரத்தூர் என்று ஒன்றியத்தில் மொத்தம் 11 ஊராட்சிகள். ஆனால் ஒவ்வோர் ஊராட்சிக்குள்ளும் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். பக்கத்து ஊருக்குப் பால் வாங்கப் போவதற்கே ஒரு மலை ஏறி இறங்க வேண்டும்.

ஆல்ப்ஸிலும் கதை இதுதான். ஆனால் அங்கே ஊர் அமைவதை வெயில் தீர்மானிக்கிறது. பள்ளத்தாக்கின் இரண்டு சரிவில் தெற்குப் பார்த்த சரிவுக்குத்தான் குளிர்காலத்தில் வெயில் படும். வீடும் வயலும் அந்தப் பக்கம், எதிர்ப் பக்கம் காட்டுக்கு. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? நாங்கள் பார்ப்பது தண்ணீர். பங்குனி சித்திரையிலும் காயாத ஊற்று எங்கே இருக்கிறதோ அங்கே ஊர்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் வலே என்ற மாநிலத்தில் தானியக் களஞ்சியத்தைக் கட்டைக் கால்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் மேலே தட்டையான வட்டக் கல் ஒன்றைத் தொப்பி மாதிரி வைத்திருக்கிறார்கள். எலி ஏறினால் கல்லில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். எங்கள் தாத்தா தொம்பையை நான்கு கல்மேல் தூக்கி வைத்திருந்தது எதற்கு? அதே எலிக்குத்தான். ஐரோப்பா எலியும் ஜவ்வாது எலியும் ஒரே பாடத்திட்டம் போல.

மலையில் மனிதர்கள் எப்போதிலிருந்து இருக்கிறார்கள்? பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி வைத்த கல்திட்டைகள் எங்கள் பக்கம் உண்டு. இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்தில் எழுப்பியவை. மலைபடுகடாம் என்று பத்துப்பாட்டில் 583 அடிகளில் ஒரு பாட்டு இருக்கிறதே, அதன் நாயகன் நன்னனின் ஊர் செங்கண்மா. இன்றைய நம் செங்கம். அந்தப் பாட்டில் வருகிற சேயாறுதான் செய்யாறு. ஆக, இந்த மலையும் ஆறும் புலவருக்குப் பழக்கமானவைதான்.

எங்கள் ஆட்கள் வந்த கதை வேறு. எச்.ஏ. ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் அதை எழுதி வைத்தார். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தன் சாதிகள், பழங்குடிகள் தொகுதியில் அதை எடுத்துப் போட்டார். சக ஆண்டு 1055, அதாவது கிட்டத்தட்ட கி.பி. 1133. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளர்களிடம் பெண் கேட்டார்கள். இவர்கள் மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிமாரிடம், "நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்கோங்க, காரியம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை சேர்ந்துவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றில் பயந்து திரும்பி, காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆட்கள் வேடர்களை ஜெயித்து ஊருக்குத் திரும்பிப் பார்த்தால், தாலி அறுத்துக் காரியம் முடிந்திருந்தது. உயிரோடு வந்து நிற்கிறவர்களுக்கு ஊரில் இடம் இல்லை. வேடர் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்பது கதை.

இது சரித்திரமா, கதையா என்று வாதம் செய்ய நான் வரவில்லை. ஆயா இந்தக் கதையைச் சொல்லும்போது நாய் ஆற்றில் திரும்புகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவாள். வெளியே போனவனை இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்பதுதான் அவளுக்கு இந்தக் கதையில் வலிக்கிற இடம். ஏன் என்று எனக்கு மூன்றாமாண்டில்தான் புரிந்தது.

எங்கள் ஊரின் வருஷத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை மலையில் முட்டி ஆனி, ஆடியில் நன்றாகப் பெய்யும். சாமை விதைப்போம், கேழ்வரகு நடுவோம், பள்ளத்தில் கொஞ்சம் நெல். அப்போது ஊர் நிறைந்திருக்கும். புரட்டாசியில் காவல், கிளியும் பன்றியும் நமக்கு முன்னால் அறுவடை செய்துவிடக் கூடாதே! ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பு. சாமைக்குத் தோல் கெட்டி. முன்பெல்லாம் உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போகும். இப்போது மெஷின் வந்துவிட்டது. தானியம் தொம்பைக்குள் போனதும் மண்ணில் வேலை முடிந்தது. மானாவாரி நிலம், அடுத்த மழைக்கு ஆறு மாதம். தொம்பையில் இருப்பது சாப்பாட்டுக்கு ஆகும். துணிமணி, கடன், கல்யாணம், என் செமஸ்டர் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் ரூபாய் வேண்டும்.

அதே சமயத்தில்தான் கர்நாடகத்தில் குடகு, ஹாசன், சிக்மகளூர் பக்கம் காப்பிப் பழம் பழுக்கிறது. அராபிகா முதலில், ரொபஸ்டா பின்னால் என்று மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் பறிப்பு. பிறகு மிளகு. மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார், வேன் வரும். பொங்கல் முடிந்த வாரம் எங்கள் ஊரில் வீடு வீடாகக் கதவுக்கு வெளியே முள் படல் சாத்தியிருக்கும். இருப்பது கிழவன், கிழவி, நாய், ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்காமல் விட்டுப் போன ஒன்றிரண்டு பிள்ளைகள். பங்குனி, சித்திரையில் புளி உலுக்கவும் திருவிழாவுக்கும் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். கோடை மழை விழுந்தால் ஏர் கட்டுவோம். ஆல்ப்ஸில் ஆனியில் மாட்டை மேல் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் புரட்டாசியில் இறக்குவார்களாம், மாட்டுக்கு மணியும் பூவும் கட்டி ஊர்வலமாக. அங்கே மாடு ஏறி இறங்குது. இங்கே மனுஷன் இறங்கி ஏறுறான். மணியும் இல்லை, பூவும் இல்லை.

இப்போது ஜனத்தொகைக் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் கணக்கெடுப்பு எப்போது நடக்கிறது? 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக வந்தார்கள். மார்ச் 1 என்ற நாளுக்குத்தான் கணக்கு. அதாவது தை கடைசியும் மாசி முதலும். எங்கள் ஊரில் படல் சாத்தியிருக்கிற மாதம்!

"வேலைக்குப் போனா என்ன, வீட்டுக்காரங்க பேர் சொன்னா எழுதிப்பாங்க இல்ல?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விதி அப்படி இல்லை. அந்த இருபது நாளில் ஒரு நாளாவது வீட்டில் இருந்தவரை அந்த வீட்டில் எழுதலாம். அந்தக் காலம் முழுவதும் வெளியூரில் இருந்தவரைச் சொந்த வீட்டில் எழுதக் கூடாது. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எழுத வேண்டும். விதியில் தப்பில்லை, ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாது அல்லவா? ஆனால் அதன்படி எங்கள் ஊர்க்காரர் குடகில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் எண்ணப்பட வேண்டும், கர்நாடகத்தின் ஜனத்தொகையாக. 2011இல் எனக்கு விவரம் தெரியாத வயசு. அம்மா இடுப்பில் என்னைக் கட்டிக்கொண்டு காப்பி பறித்தாளாம். "லைனுக்கு யாராவது பேப்பர் எடுத்துக்கிட்டு வந்து பேர் கேட்டாங்களாம்மா?" என்று போன தீபாவளிக்குக் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி யாரும் வந்த ஞாபகம் இல்லப்பா" என்றாள். ஆயாவை மட்டும் ஊரில் எழுதியிருக்கிறார்கள். ஆயா அதற்கு ஒரே வரியில், "என்னை எழுதினாங்க. உங்கப்பனை எந்த ஆத்துல விட்டாங்களோ" என்றாள். ஏழு நாய்க் கதையில் அவள் ஏன் நிறுத்துகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

2011 கணக்கு ஜவ்வாது மலை ஒன்றியத்துக்குச் சுமார் 47 ஆயிரம் பேர் என்று சொல்கிறது. பத்தில் ஒன்பது பேர் பழங்குடி. அந்த 47 ஆயிரம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது மாசி மாதத்து ஜவ்வாது மலை. ஆடி மாதத்து ஜவ்வாது மலையை யாரும் எண்ணவில்லை.

எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ரோடு கணக்கு ஒன்று சொல்கிறேன். சிவில் மாணவன் அல்லவா!

மலைப் பாதையில் பஸ் ஏற வேண்டுமானால் 20க்கு 1 சரிவு போட வேண்டும் என்று ஹைவே பாடத்தில் படிக்கிறோம். 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறலாம். 500 மீட்டர் உயரம் ஏற 10 கிலோமீட்டர் ரோடு. கொண்டை ஊசி வளைவு போட்டுச் சுற்றிச் சுற்றித்தான் ஏற முடியும். இது அடிவாரத்திலிருந்து வருகிற பெரிய ரோடு. அது போட்டாகிவிட்டது. ஆனால் அந்த ரோட்டிலிருந்து எங்கள் குக்கிராமத்துக்கு நடுவில் ஒரு பள்ளம், ஓர் ஓடை, மறுபடி ஒரு மேடு. ஒற்றையடிப் பாதை நேராக இறங்கி நேராக ஏறிவிடும். ஆள் நடக்கலாம், ஆம்புலன்ஸ் நடக்காது. பிரசவ வலி வந்தால் கம்பில் போர்வையைக் கட்டி டோலி. நான்கு பேர் தோள் வேண்டும். மாசி மாதத்தில் ஊரில் நான்கு தோளுக்கு எங்கே போவது?

ரோடு கேட்டால் ஜனத்தொகை கேட்பார்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியபோது வைத்த விதி, சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புக்குச் சாலை. மலை மாநிலங்களுக்கும் பாலைவனத்துக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 போதும். "அப்போ உங்களுக்கு 250 தானே?" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். தமிழ்நாடு மலை மாநிலம் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. மலைமேல் இருக்கிறோம், பழங்குடி என்று சான்றிதழும் இருக்கிறது, ஆனால் அந்த விதிக்கு நாங்கள் சமவெளிக்காரர்கள்! வேறு திட்டங்களில் சாலைகள் வந்திருக்கின்றன, இன்னும் வரும். நான் சொல்ல வந்தது, ஓர் எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு தொங்குகிறது என்பதுதான். சுகாதாரத் துறையிலும் இதே மாதிரிதான். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேர் என்று கணக்கு. எல்லாம் தலை எண்ணித்தான். அந்தத் தலை காப்பிச் செடிக்குக் கீழே குனிந்திருந்தால் யார் எண்ணுவது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காப்பித் தோட்டம் மட்டும் எங்கள் ஆட்களைக் கூப்பிடவில்லை. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர் போனது. மரம் அறுக்கத் தெரிந்த கை என்பதால் ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டத் தரகர்கள் வந்து அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள்தான் பெரும்பாலும், அதில் எங்கள் மலைக்காரர்களும் உண்டு. மரம் வெட்டுகிற கடத்தல்காரர்கள் தாக்கினார்கள் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அப்போது நான் சின்னப் பையன். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. வெளியே போனவன் எங்கே போனான் என்று வீட்டுக்கே தெரியாத ஒரு ஊரில், சர்க்கார் குறிப்பேட்டுக்கு எப்படித் தெரியும்?

கணக்கெடுப்புத் துறை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஒரு பொறாமை உண்டு. பனி விழுகிற ஊர்களுக்கு அவர்கள் தனித் தேதி வைத்திருக்கிறார்கள். லடாக், காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் ஆகியவற்றின் உயரமான பகுதிகளில் பிப்ரவரியில் பாதை மூடிவிடும். அதனால் அங்கே முன்கூட்டியே, இலையுதிர் காலத்திலேயே எண்ணிவிடுவார்கள். 2021 கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2025 ஜூனில் வந்த அறிவிப்பிலும் அப்படித்தான். நாட்டின் மற்ற பகுதிக்கு 2027 மார்ச் 1, பனிப் பகுதிக்கு 2026 அக்டோபர் 1. மலை என்பதற்காக நாள்காட்டியை மாற்ற முடியும் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதானே இது? எங்கள் மலையில் பனி பாதையை மூடுவதில்லை. காப்பி மூடுகிறது. அக்டோபர் 1 அன்று எங்கள் ஊருக்கு வந்தால் சாமைக் கொல்லையில் பரண் போட்டு மொத்த ஜனமும் கிளி விரட்டிக்கொண்டிருக்கும். ஒருத்தர் விடாமல் எண்ணலாம்.

ஆல்ப்ஸில் இதற்கு நேர்மாறான ஒரு தமாஷ் உண்டு. வலே மாநிலத்தில் அல்பினென் என்று ஒரு கிராமம், சுமார் 1,300 மீட்டர் உயரம், ஜனத்தொகை 240 சொச்சம். இளைஞர்கள் எல்லாம் கீழே போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. 2017 நவம்பரில் ஊர்க்காரர்கள் கூடி ஓட்டுப் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். 45 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் குடும்பத்தோடு இங்கே வீடு கட்டிப் பத்து வருஷம் இருந்தால், பெரியவருக்கு 25,000 ஃபிராங்கும் குழந்தைக்கு 10,000 ஃபிராங்கும் கொடுப்போம் என்று! இதை எங்கள் அப்பாவிடம் சொன்னேன். "ஊர்ல இருக்கிறதுக்குக் காசு குடுக்கிறானா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை, "எந்த மாசத்துல குடுக்கிறானாம்?" என்றார்.

எங்கள் மலையில் எண்ணவே ஆள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம், திருப்பத்தூர் மாவட்டத்தில் காவலூர் இருக்கிறது. 725 மீட்டர் உயரம், இருட்டான வானம், ஊர் வெளிச்சம் இல்லாத காடு. அதற்காகவே 1968இல் அங்கே வானாய்வுக் கூடம் தொடங்கினார்கள். 1986 ஜனவரி 6 அன்று 234 செ.மீ. தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். கூடத்துக்கு வைணு பாப்பு பெயர். 1988இல் ராஜமோகன் என்ற விஞ்ஞானி அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 4130 என்று எண்ணும் ராமானுஜன் என்று பெயரும் கொடுத்தார்கள். அத்தனை கோடி கிலோமீட்டருக்கு அப்பால் திரிகிற கல்லுக்கு வரிசை எண் கொடுத்த மலை இது.

என் ரெக்கார்ட் நோட்டுக் கட்டத்துக்கு வருகிறேன். ஜனத்தொகை என்ற வரியை அழித்துவிட்டுப் பன்னிரண்டு சின்னக் கட்டம் போட்டேன், சித்திரை முதல் பங்குனி வரை. லீவில் போகும்போதெல்லாம் வீடு வீடாகப் போய் அந்த மாதத்துத் தலையை எண்ணி எழுதுகிறேன். இதுவரை ஐந்து கட்டம் நிரம்பியிருக்கிறது. தை, மாசியில் நமக்கு லீவு இல்லை, அதனால் அந்த இரண்டையும் ஆயாவிடம் விட்டிருக்கிறேன். அவள் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் ஒற்றையடிப் பாதையின் லெவலிங் கணக்கையும் சேர்த்து, ரோடு கேட்டு எழுதும் மனுவோடு வைப்பதாக உத்தேசம். டம்பி லெவலை யாராவது எனக்காக ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். ஸ்டாஃப் பிடிக்க ஒரு ஆளும் தேவை.

வருகிறவர்கள் புரட்டாசியில் வாங்க. போளூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ், சுமார் 40 கிலோமீட்டர். ஜன்னல் சீட் பிடித்தால் செய்யாறு தெரியும், வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியபின் பீமன் அருவியை ஒரு நடை பார்த்துவிடலாம். அதற்குமேல் நடைதான். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டு, கம்பளி மட்டும் நீங்க எடுத்து வந்துடுங்க. வீட்டில் இருப்பது ஆயாவுடையது ஒன்றுதான்.